காலி வண்டி யார் கணக்கு? திருப்பதிச் சாலையில் வாடகை வண்டிகளின் வரலாறு

நம் சங்கத்து அன்பர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் உறவினர் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. "திருப்பதியில இறங்கினா ஸ்டாண்டு டாக்ஸி எடுக்கறதா, செல்போன்ல வண்டி புக் பண்றதா, எது லாபம்?" பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் குடியிருக்கும் நம்மவர்களுக்குச் செல்போன் வண்டி பழகிப்போச்சு. ஸ்டாண்டு வண்டிக்காரர் என்றாலே ஏமாற்றுவார் என்கிற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. நான் வியாபாரி. எந்தச் சரக்கின் விலையைக் கேட்டாலும் அந்த விலைக்குள் யார் யாருடைய செலவு அடங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது தொழில் பழக்கம். வாடகை வண்டியின் விலையையும் அப்படிப் பிரித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். உங்களை ஓரிடத்தில் இறக்கிவிட்ட வண்டி காலியாகத் திரும்புகிறதே, அந்தக் காலி ஓட்டத்தின் செலவு யாருடையது? சவாரி செய்தவருடையதா, வண்டிக்காரருடையதா, அடுத்து ஏறப்போகிறவருடையதா? வாடகை வண்டி வரலாற்றில் பாதி இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு காலத்தார் சொன்ன பதில்தான் என்பது என் துணிபு.

நம் முன்னோரிடமிருந்தே தொடங்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. அதாவது நம் தொண்டைமண்டலத்து நூல். அதிலே உப்பு வணிகராகிய உமணர் வண்டி வண்டியாய்ச் சாரை பிடித்துப் போகும் காட்சி வருகிறது. சுங்கம் வாங்கும் பெருவழியும், அதில் மிளகுப் பொதி சுமந்து வரும் கழுதைகளும் வருகின்றன. வண்டியின் அச்சு முறிந்தால் மாற்றுவதற்குச் சேம அச்சு கட்டிக்கொண்டு போன செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பாட்டிலும் காணலாம். இன்றைய ஸ்டெப்னிக்கு அதுவே பாட்டன். ஆனால் ஒரு வியாபாரி கவனிக்க வேண்டியது வேறு. உமணர் கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றிப் போனார்கள். உள்நாட்டில் அதை நெல்லுக்கு மாற்றினார்கள். சங்கப் பாடல்கள் பலவற்றில் உப்பும் நெல்லும் இப்படிக் கைமாறுகின்றன. ஆகவே திரும்பும் வண்டியில் நெல் இருந்தது. உமணர் வண்டி இரண்டு பக்கமும் பாரத்தோடு ஓடியது. இன்றைக்கும் லாரி புக்கிங் ஆபீசில் போய் நில்லுங்கள், முதலில் காதில் விழும் சொல் "ரிட்டன் லோடு". அது உறுதி என்றால் வாடகை இறங்கும், இல்லையென்றால் ஏறும். ஜவுளிப் பேல் அனுப்புகிற யாருக்கும் இது தெரியும்.

சரக்குக்கு ரிட்டன் பிடிப்பது எளிது, நெல் காத்திருக்கும். மனுஷனுக்கு ரிட்டன் பிடிப்பதுதான் கஷ்டம். (எங்கள் சமயத் துறவிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வாகனம் ஏறுவது அவர்களுக்கு விலக்கு. சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் நடத்தியே மதுரைக்குக் கூட்டிப்போனார். காலி வண்டி என்கிற பேச்சே எழவில்லை.)

இனி நம் சாலைக்கு வருவோம். சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் பாதை இது. பழைய கணக்கில் 205ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இப்போது 716. கடலில் வரும் மாலுமிகளுக்கு அடையாளமாக விளங்கிய 'நகரி மூக்கு' மலை இந்தப் பாதையில் போகிறவர்களுக்கும் கண்ணில் படும். பக்கத்திலேயே அரக்கோணம் ரேணிகுண்டா ரயில் பாதை. மூச்சு விடாமல் சொல்ல முடியாத வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்ட ஸ்டேஷனைத் தாண்டினால் நகரி, அடுத்தது ஏகாம்பரகுப்பம். ரயில் வந்தபிறகு ஸ்டேஷன் வாசலில் மாட்டு வண்டியும் குதிரை ஜட்காவும் வந்து நின்றன. வாடகை வண்டி ஸ்டாண்டு என்பதே ரயிலடியில் பிறந்ததுதான். ரயில் வரும் நேரம் தெரியும், சவாரி நிச்சயம். வந்த வண்டியில் இறங்குகிறவர்கள் ஒரு கூட்டம், போகிற வண்டிக்கு ஏறுகிறவர்கள் ஒரு கூட்டம். ஆக ஜட்காவுக்கு ஸ்டேஷன் ஒரு பக்கத்து ரிட்டனை உறுதி செய்தது. ரயிலடியை விட்டு உள்கிராமத்துக்குக் கூப்பிட்டால் ஜட்காக்காரர் இரண்டு மடங்கு கேட்பார், குதிரையும் திரும்பி வரணுமே.

திருமலைக்கு அப்போது வண்டிப் பாதையே கிடையாது. அலிபிரியிலிருந்தோ ஸ்ரீவாரிமெட்டு வழியாகவோ நடக்கணும், முடியாதவர்களுக்கு டோலி. 1944 ஏப்ரலில் முதல் மலைப்பாதை திறந்தபிறகுதான் சக்கரம் மலை ஏறியது. 1974இல் இரண்டாம் பாதை வந்தது. இப்போது பழைய பாதை இறங்குவதற்கு, புதிய பாதை ஏறுவதற்கு. திருப்பதி வாடகை வண்டித் தொழிலுக்கு அஸ்திவாரம் இந்த மலைப்பாதைதான். மேலே போகிற ஒவ்வொருவரும் கீழே இறங்கியே ஆகவேண்டும். ஏற்றிப்போன ஜீப் காலியாக இறங்க வேண்டியதில்லை. இந்தியாவில் வாடகை வண்டிக்கு இவ்வளவு நிச்சயமான ரிட்டன் உள்ள பாதைகள் அதிகம் இருக்காது. அதனால்தான் திருப்பதியில் தலைக்கு இவ்வளவு என்று ஜீப்பில் போகும் வழக்கம் ஊன்றிவிட்டது.

கொஞ்சம் வெளிநாட்டையும் பார்த்துவிடுவோம். லண்டனில் 1634இல் ஸ்ட்ராண்ட் தெருவில் வாடகைக் குதிரை வண்டிகளுக்கு முதல் ஸ்டாண்டு ஏற்பட்டது. அந்நகரத்துக்கு 1853இல் வந்த சட்டப்படி, சவாரி கேட்டவரை வண்டிக்காரர் மறுக்கக் கூடாது. ஆனால் ஆறு மைலுக்கு மேல் வரும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆறு மைல் என்கிற வரம்பை நான் காலி வண்டிக் கணக்காகவே படிக்கிறேன். அதற்குள் திரும்பு சவாரி கிடைக்கும், தாண்டினால் கிடைக்காது. 1891இல் ஜெர்மானியர் புரூன் தூரத்தை அளந்து காசு காட்டும் கருவியைச் செய்தார். 1897இல் ஸ்டுட்கார்ட் நகரில் அந்தக் கருவி பொருத்திய மோட்டார் ஓடியது. 'டாக்ஸி' என்ற பெயரே டாக்ஸிமீட்டர் என்பதன் குறுக்கம். திருப்பதியில் நாம் டாக்ஸி என்று கூப்பிடும் வண்டியில் மீட்டர் கிடையாது என்பது வேறு விஷயம். பெயர் மட்டும் வந்துவிட்டது, தராசு வரவில்லை!

மீட்டரைத் தராசு என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். எங்கள் அறநூல்களில் கள்ளாமை விரதத்துக்குச் சொல்லப்படும் குற்றங்களில் ஒன்று கள்ள எடை, கள்ள அளவு. வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே முள்ளைப் பார்க்கணும் என்பது வணிகத்தின் அடிப்படை. மீட்டர் அதைச் செய்தது. ஆனால் மீட்டர் முன்னோக்கி மட்டுமே ஓடும். வண்டி காலியாகத் திரும்பும் தூரம் அதில் விழாது. சென்னையில் 2013 ஆகஸ்டில் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு கட்டணம் நிர்ணயித்தது. நகரத்தின் நடுவில் அந்தக் கணக்கு சரி. ஊர் எல்லையில் கொண்டுபோய் இறக்கச் சொன்னால் டிரைவர் "மீட்டருக்கு மேல போட்டுக் கொடுங்க" என்று ஏன் கேட்கிறார் என்பது இப்போது விளங்கும்.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும் பயணி வண்டிகளை இரண்டாகப் பிரிக்கின்றன. வழியில் ஆங்காங்கே ஏற்றி இறக்கி ஆளுக்குத் தனித்தனிக் கட்டணம் வாங்குவது பஸ் வகை. முழு வண்டியையும் ஒருவர் பேசி அமர்த்துவது ஒப்பந்த வகை. டாக்ஸி இரண்டாவது. ஆகவே உங்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற டாக்ஸி வழியில் நிற்கும் நாலு பேரைத் தலைக்கு ஐம்பது ரூபாய்க்கு ஏற்றினால் அது பெர்மிட் மீறல். பஸ்ஸுக்குப் பாதுகாப்பாக எழுதிய விதி, ஒரு விதத்தில் நியாயமானதுதான். ஆனால் அதன் விளைவாகக் காலி வண்டி காலியாகவே வரவேண்டும் என்று சட்டமே சொன்னதாக ஆயிற்று. பெங்களூர் அன்பர்களுக்கு ஞாபகம் இருக்கும்: 2017இன் தொடக்கத்தில் செயலி நிறுவனங்களின் கூட்டுச் சவாரிக்குக் கர்நாடகப் போக்குவரத்துத் துறை தடை சொன்னது இதே பிரிவை வைத்துத்தான்.

நம் ஊருக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அது எல்லை. 1911 ஏப்ரலில் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது எல்லாமே மதராஸ் மாகாணம். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. வடக்கெல்லைக்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய போராட்டத்தை இந்த மலரைப் படிக்கிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நகரி ஆந்திரத்திலேயே நின்றது. பதினைந்து சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே மாநில எல்லை விழுந்துவிட்டது. அந்தக் காலத்து விதிப்படி ஒரு மாநிலத்தின் பெர்மிட் மற்றதில் செல்ல வேண்டுமானால் அங்கே எதிர்க்கையொப்பம் வாங்கணும். இல்லையேல் சோதனைச்சாவடியில் தற்காலிகப் பெர்மிட்டுக்கு நிற்கணும். மொழியும் உறவும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் எல்லையைத் தாண்டின. வாடகை வண்டி தாண்டுவதற்குக் காசு வைக்கணும். தாண்டிவந்த வண்டி இந்தப் பக்கத்தில் உள்ளூர்ச் சவாரி ஏற்றினால் இங்குள்ள ஸ்டாண்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அகில இந்தியச் சுற்றுலா வண்டி அனுமதியை இணையவழியில் வாங்கும் முறை 2021இல் வந்தது, 2023இல் விதிகளைப் புதுப்பித்தார்கள். சாவடியில் நிற்கும் நேரம் குறைந்தது. ஆனால் எல்லை தாண்டிப் போகும் வண்டிக்கு ரிட்டன் கிடைக்குமா என்கிற கவலை குறையவில்லை.

அம்பாசடர் காலத்து ஸ்டாண்டு இந்தக் கவலைக்குக் கண்டுபிடித்த பதில் "அப் அண்ட் டவுன்". போக ஐம்பது கிலோமீட்டர் என்றால் நூறுக்குக் காசு. வெளியூர் என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், ஓடினாலும் ஓடாவிட்டாலும். டிரைவர் பேட்டா தனி. காலி ஓட்டம் முழுக்கச் சவாரிக்காரர் தலையில். கொடூரமாகத் தெரியும், ஆனால் ஒளிவு மறைவு கிடையாது. ஏறுவதற்கு முன்பே இரண்டு பேருக்கும் கணக்கு தெரியும். இதைக் கொள்ளை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முகம் தெரியாத யாத்திரிகரிடம் அதே ஸ்டாண்டில் வாய்க்கு வந்த ரேட் சொன்னவர்களும் உண்டு, அது கொள்ளைதான். தெலுங்கில் பேசினால் ஒரு விலை, இந்தியில் பேசினால் ஒரு விலை என்பதை நானே நின்று பார்த்திருக்கிறேன்.

செயலிகள் அந்த இடத்தில்தான் நுழைந்தன. 2010இல் மும்பையில் ஓலா தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பவிஷ் அகர்வால் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து பந்திப்பூருக்குப் பேசிப்போன டாக்ஸிக்காரர் நடுவழியில் வண்டியை நிறுத்திக் கூடுதல் பணம் கேட்டாராம், அந்தக் கோபத்தில் பிறந்த யோசனையாம். உபர் 2009இல் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றி 2013இல் பெங்களூருக்கு வந்தது. இவற்றின் திறமை கார் வைத்திருப்பதில் இல்லை, ரிட்டன் பிடிப்பதில் இருக்கிறது. உங்களை இறக்கும் இடத்துக்கு அரைக் கிலோமீட்டரில் அடுத்த சவாரி எங்கே என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். பழைய ரயிலடி செய்த வேலையை ஊர் முழுக்கச் செய்கிறது. சென்னை, பெங்களூர் மாதிரி சவாரி நெருக்கமான ஊர்களில் அதனாலேயே கட்டணம் இறங்கியது. சென்னை திருப்பதி 'டிராப் டாக்ஸி'யும் இதே சூத்திரந்தான். ஒருவழிக்கு மட்டும் காசு, திரும்ப ஆள் பிடிப்பது கம்பெனி பொறுப்பு.

அரசும் விதி செய்தது. 2019இல் சட்டத்தைத் திருத்தி இந்நிறுவனங்களை அதற்குள் கொண்டுவந்தார்கள். 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறி, கூட்டம் அதிகமான நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு வரை வாங்கலாம் என்றது. 2025 ஜூலையில் அது இரண்டு மடங்காயிற்று. சொந்த வண்டி ஓட்டும் டிரைவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போய்ச்சேர வேண்டும் என்கிறது அந்நெறி. நம் கேள்விக்கு நேரான பதிலும் அதில் இருக்கிறது. காலி ஓட்டத்துக்குப் பயணியிடம் காசு வாங்கக் கூடாது. சவாரியே மூன்று கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மட்டும் விலக்கு. பயணிக்கு நல்ல செய்தி. அப்படியானால் அந்தச் செலவு எங்கே போச்சு? காற்றில் கரையவில்லை, டிரைவரின் டீசலில் போச்சு. நெருக்கமான ஊரில் அது அரைக் கிலோமீட்டர், தாங்கலாம். நகரி மாதிரி ஊருக்கு வந்தால் ஐம்பது கிலோமீட்டர்.

2023 மார்கழியில் இது எனக்குப் பாடமாயிற்று. என் அக்காவுக்குத் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் இடுப்பெலும்பு ஆபரேஷன். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக் கணக்கு முடித்துக் கொடுக்கவே ராத்திரி ஒன்பதாகிவிட்டது. பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது, படுத்தபடிதான் வரணும். கூட வந்திருந்த பேத்தி செல்போனில் வண்டி போட்டாள். நகரிக்கு ஆயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. எனக்குச் சந்தோஷம். முதல் டிரைவர் போன் செய்தார். "எந்த ஊரு சார்? நகரியா? ரிட்டன் கிடைக்காது, கேன்சல் பண்ணிடுங்க." இரண்டாவது ஆளும் அதே. மூன்றாவது ஆள் பேசவே இல்லை, வண்டி சின்னம் மட்டும் கண்ணாடியில் நின்ற இடத்திலேயே நின்றது. அது வைகுண்ட துவாரக் கூட்டம் ஊர் நிறைந்திருந்த சமயம், ஊருக்குள்ளேயே சவாரி கொட்டுகிறது. அவர் ஏன் நகரிக்கு வருவார்? அக்கா சக்கர நாற்காலியில் வாசல் பனியில் முக்கால் மணி நேரம். "பஸ்ஸுலயே போயிடலாம்டா" என்று அவள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. விலை கண்முன் இருக்கிறது, அந்த விலைக்குச் சரக்கு இல்லை. கடை வைத்திருப்பவன் இதைச் செய்தால் சும்மா விடுவோமா?

கடைசியில் பக்கத்து ஸ்டாண்டுக்கு நடந்தேன். நாற்பது வயசுக்காரர் ஒருவர், பாதி தெலுங்கு பாதி தமிழ். "போக வர லெக்க ஐயா, ஆயிரத்துத் தொள்ளாயிரம்." நான் செல்போன் விலையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஆ ரேட்டுக்கு வந்தா ரமேஷ் போங்கன்னு சொல்லுங்க நைனா, ஆளு வரணும்ல" என்றார். ரமேஷ் யாரோ தெரியாது, பேச்சுக்குச் சொன்ன பெயர். (எங்கள் சமூகத்துக்கு நயினார் என்று பட்டம். இவர் அதை அறிந்து சொல்லவில்லை, இந்தப் பக்கத்தில் பெரியவர்களை நைனா என்பது வழக்கம். ஆனாலும் மனசு கொஞ்சம் இளகியது.) முன்சீட்டைச் சாய்த்து, தன் போர்வையை மடித்து அக்காவின் இடுப்புக்கு அண்டை கொடுத்து, வடமாலப்பேட்டை, புத்தூர் வழியாகப் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டி, பதினோரு மணிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வழியில் பேசியதில் தெரிந்தது, அவர் செல்போனிலும் அதே செயலி இருக்கிறது. பகலில் ஊருக்குள் அதில் ஓடுவார், ராத்திரியில் ஸ்டாண்டு. நாம் இரண்டு வேறு ஜாதி வண்டி என்று நினைத்துக்கொண்டு எது லாபம் என்று கேட்கிறோம். வண்டி ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். காலி ஓட்டத்தை யார் தலையில் எழுதுவது என்பது மட்டும் மாறுகிறது.

ஆகவே கேட்கிற அன்பர்களுக்கு என் யோசனை இது. திருப்பதி ஊருக்குள், ரேணிகுண்டா விமான நிலையம் வரை செயலி வண்டி எடுங்கள். திருமலைக்கு ஜீப்போ பஸ்ஸோ போதும். 2022 முதல் மின்சார பஸ்ஸும் ஓடுகிறது. நகரி, நாராயணவனம், கார்வேட்டிநகரம் என்று வெளியே போவதானால், அதிலும் நோயாளியோடு ராத்திரியில் என்றால், முன்கூட்டியே ஸ்டாண்டில் ஒருவரைப் பேசி வைத்துவிடுங்கள். போக வரக் கணக்கென்றால் முகம் சுளிக்காதீர்கள். திரும்பும் நேரம் தெரிந்தால் சொல்லிவையுங்கள், அதே வண்டி உங்களையே ஏற்றித் திரும்பினால் அந்தக் காசு வீண் போகாது.

அன்று ராத்திரி அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்ததும் அவள் முதலில் கேட்டது, "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?" என்று. எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் அடுப்பு எரியாது. நாலு வாழைப்பழமும் கடலை உருண்டையும் எடுத்துக்கொண்டு நான் தெருவுக்கு வந்தபோது, அவர் வண்டியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகரியில் சவாரி ஏதாவது விழுகிறதா என்று. ஒன்றும் விழவில்லை. பழத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினார். அங்கே புத்தூர் போக நின்ற தறிக்காரர்கள் இரண்டு பேரைத் தலைக்கு ஐம்பது ரூபாய்க்கு ஏற்றிக்கொண்டு போனதாக மறுநாள் டீக்கடையில் சொன்னார்கள்.